எச்சமா, பெயரா? ஆங்கில 'இங்'கை அறியத் தமிழிலக்கணம் தரும் திறவுகோல்

ஆங்கில இலக்கணம் கற்கப் புகும் தமிழ் மாணவர் பெயர்ச்சொல், வினைச்சொல், காலம் ஆகியவற்றை ஒருவாறு கடந்து விடுகின்றனர். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் கலையும் பயிற்சியினால் கைவந்து விடுகிறது. ஆயின், பார்ட்டிசிப்பிள், ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்னும் மூன்று பெயர்கள் எதிர்ப்படும் இடத்தில்தான் பெரும்பாலோர்க்குக் கால் இடறுகிறது. 'ரீடிங்' என்பது ஓரிடத்தில் பார்ட்டிசிப்பிள் எனப்படுகிறது. அடுத்த வரியிலேயே அது ஜெரண்ட் ஆகிவிடுகிறது. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெயர் மட்டும் மாறிவிட்டது. மாணவன் திகைக்கிறான். தேர்வுக்காக வரையறைகளை உருப்போட்டு எழுதிவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறான்.

ரென், மார்ட்டின் இருவரும் எழுதி 1930களில் வெளிவந்த ஆங்கில இலக்கண நூல் இன்றளவும் நம் நாட்டில் புழங்குகிறது. அதில் இம்மூன்றுக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன, பயிற்சிகளுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. காரணம் என்ன? நாம் கருதுவது இது: தமிழிலக்கணம் பயின்ற மாணவனுக்கு இம்மூன்றும் புதியன அல்ல. பெயரெச்சம், வினையெச்சம், தொழிற்பெயர் என்ற பெயர்களில் தமிழாசிரியர் அவற்றை முன்பே கற்பித்திருக்கிறார். ஆங்கில வகுப்பில் அதனை நினைவூட்டுவார் இல்லை. இரு வகுப்பறைகளுக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர்தான் இக்குழப்பத்தின் முதற்காரணம் என்பது நம் துணிபு.

முதலில் பெயர்களின் பொருளை நோக்குவோம். இலத்தீன் மரபில் 'ஃபைனைட்' என்றால் எல்லைக்குட்பட்டது. இடத்தாலும் எண்ணாலும் வரையறுக்கப்பட்ட வினை அது. அத்தகைய எல்லை இல்லாதது இன்ஃபினிட்டிவ். பார்ட்டிசிப்பிள் என்பது 'பங்கு கொள்வது' என்னும் பொருளினின்று வந்தது; வினையின் இயல்பிலும் பெயரின் இயல்பிலும் அதற்குப் பங்குண்டு. ஜெரண்ட் என்பது 'செய்தல், நடத்துதல்' என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது.

தமிழ் மரபோ வேறொரு கோணத்தில் நின்று காண்கிறது. 'வந்தான்' என்று சொன்னால் கூற்று முற்றுப் பெற்றுவிடுகிறது. ஆதலின் அது முற்று. 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவன் 'யார்?' என்பான். 'வந்து' என்று நிறுத்தினால் 'என்ன செய்தான்?' என்பான். ஏதோ எஞ்சி நிற்கிறது. ஆதலின் அவை எச்சம். எஞ்சியது பெயராயின் பெயரெச்சம், வினையாயின் வினையெச்சம். இஃது ஒரு வரையறை மட்டுமன்று. கையோடு வைத்துக்கொள்ளத்தக்க சோதனையும் ஆகும். அடுத்து என்ன வேண்டும் என்று சொல்லையே கேட்கும் முறை இது. இச்சோதனையை ஆங்கிலத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

'த பாய் ரீடிங் எ புக்' என்பதை எடுத்துக் கொள்வோம். நூல் படிக்கின்ற சிறுவன். இங்கே 'ரீடிங்' சிறுவன் என்னும் பெயரைத் தழுவி நிற்கிறது. எனவே பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. 'புரோக்கன் கிளாஸ்' என்பது உடைந்த கண்ணாடி, இதுவும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னே வரும்; ஆங்கிலத்தில் செயப்படுபொருள் முதலியவற்றைச் சுமந்து வரும் பார்ட்டிசிப்பிள் பெயருக்குப் பின்னே போய் நிற்கும். இடம் மாறினாலும் தொழில் மாறவில்லை.

இந்த ஒன்றைத் தெளிந்தாலே வேலை தேடும் இளைஞர் பலரைத் துன்புறுத்தும் ஒரு பிழை நீங்கும். நேர்காணலில் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்று சொல்லிவிட்டு, எதிரிலிருப்பவர் புன்முறுவல் பூப்பதன் காரணம் அறியாது விழிப்பவர் உண்டு. 'இன்ட்ரஸ்டிங்' என்பது ஆர்வம் ஊட்டுகின்ற. 'இன்ட்ரஸ்டட்' என்பது ஆர்வம் உற்ற. 'போரிங்' என்பது சலிப்பூட்டுகின்ற. 'போர்டு' என்பது சலிப்புற்ற. ஊட்டுவதற்கும் உறுவதற்கும் உள்ள வேற்றுமை தமிழ் மாணவன் அறியாததா? 'நான் சலிப்பூட்டுகிறவன்' என்று எவனும் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள மாட்டான். ஆனால் ஆங்கிலத்தில் அறியாமல் அதைத்தான் செய்கிறான்.

அடுத்து, 'வாக்கிங் அலாங் த ரோடு, ஹி சா எ ஸ்நேக்'. சாலையில் நடந்து செல்கையில் அவன் ஒரு பாம்பைக் கண்டான். இங்கே 'வாக்கிங்' என்பது 'கண்டான்' என்னும் வினைக்குச் சூழல் தந்து நிற்கிறது. ஏறத்தாழ நம் வினையெச்சத்தின் வேலை. ஆங்கிலம் இதனையும் பார்ட்டிசிப்பிள் என்றே அழைக்கிறது. காலத்தில் மட்டும் சிறு கவனம் வேண்டும். 'நடந்து' என்னும் நம் எச்சம் இறந்தகாலம் காட்டுவது. அதற்கு நேரானது 'ஹேவிங் வாக்டு'. வெறும் 'வாக்கிங்' என்பது 'நடக்கையில்', 'நடந்துகொண்டு' என உடன்நிகழ்வைக் குறிப்பது.

இப்போது இவ்வாக்கியத்தைச் சற்றே மாற்றுவோம்: 'வாக்கிங் அலாங் த ரோடு, எ ஸ்நேக் பிட் ஹிம்'. ஆங்கில ஆசிரியர்கள் இதனைத் தொங்கும் பார்ட்டிசிப்பிள் என்று கூறிச் சிவப்பு மையால் சுழிப்பார்கள். ஏன் தவறு என்று விளக்கப் பல வாக்கியங்கள் செலவிடுவார்கள். 'சாலையில் நடந்துகொண்டு பாம்பு அவனைக் கடித்தது' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். விளக்கம் ஏதுமின்றிச் செவியே மறுத்துவிடும்! நடந்தது பாம்பாகிவிடுகிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது நம் இலக்கணத்தார் வகுத்த நெறி. தொல்காப்பியமும் அதன்பின் பவணந்தியாரின் நன்னூலும் இதனை விதியாகவே கூறியுள்ளன. ஆங்கில மாணவர்க்கு நடையியல் அறிவுரையாகச் சொல்லப்படுவது நமக்குப் பழைமையான இலக்கண விதி. அவ்விதிக்கு இங்கும் விலக்குகள் உண்டு. 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவற்றை எச்சத் திரிபு என்று அமைதி கூறுவர். 'கன்சிடரிங் ஹிஸ் ஏஜ்' போன்ற தொடர்களில் எழுவாய் ஒவ்வாமையை ஆங்கிலமும் பொறுத்துக் கொள்கிறது. விதியும் விலக்குமாக இரு மொழிகளும் எவ்வளவு நெருங்கி வருகின்றன பாருங்கள்.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. 'த சன் ஹேவிங் செட், வி வென்ட் ஹோம்' என்னும் அமைப்பில் பார்ட்டிசிப்பிளுக்குத் தனி எழுவாய் இருக்கிறது. இதனை ஆங்கிலத்தார் 'அப்சல்யூட்' அமைப்பு என்பர். மாணவர்க்கு இது மற்றுமொரு புதிர். தமிழில் 'ஞாயிறு மறைய, நாங்கள் வீடு திரும்பினோம்' என்போம். 'செய' என்னும் எச்சம் பிறிதோர் எழுவாயின் வினையையும் ஏற்கும் என்று நன்னூல் இசைவு தருகிறது. 'செய்து' ஏலாததை 'செய' ஏற்கும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவிற் கொண்டால் ஆங்கிலத்தில் எங்கே எழுவாயைத் தனியே சொல்ல வேண்டும், எங்கே சொல்லாமல் விடலாம் என்பது விளங்கிவிடும்.

இனி ஜெரண்ட். 'ஸ்விம்மிங் இஸ் எ குட் எக்சர்சைஸ்' என்றால் நீந்துதல் நல்ல உடற்பயிற்சி. இங்கே 'ஸ்விம்மிங்' எதையும் தழுவி நிற்கவில்லை, எதுவும் எஞ்சவுமில்லை. தானே எழுவாயாக நிமிர்ந்து நிற்கிறது. எனவே எச்சமன்று, பெயர். தொழிலுக்குப் பெயராய் நிற்றலின் தொழிற்பெயர். பெயராயினும் வினையின் ஆற்றலை அது இழந்து விடுவதில்லை. 'பழைய கடிதங்களை மெல்லப் படித்தல்' என்று நம் தொழிற்பெயர் செயப்படுபொருளையும் அடைமொழியையும் ஏற்பது போலவே 'ரீடிங் ஓல்டு லெட்டர்ஸ் ஸ்லோலி' என்று ஜெரண்டும் ஏற்கும். முன்னே 'த' என்பதும் பின்னே 'ஆஃப்' என்பதும் சேர்ந்து 'த ரீடிங் ஆஃப் ஓல்டு லெட்டர்ஸ்' என்றானால் வினைத்தன்மை மங்கி முழுப் பெயராகிவிடும். 'பழைய கடிதங்களின் வாசிப்பு' என்பது போல.

பெயர் வரும் இடத்தில்தான் பெயர் வரும். இதை மறப்பதால் விளையும் பிழை ஒன்று விண்ணப்பக் கடிதங்களில் மலிந்து கிடக்கிறது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று எழுதுகின்றனர். 'டு மீட்டிங் யூ' என்றிருத்தல் வேண்டும். 'டு' என்பதைக் கண்டவுடன் அடுத்து வினையடிதான் வரவேண்டும் என்று மாணவன் எண்ணிவிடுகிறான். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. ஒன்று இன்ஃபினிட்டிவின் அடையாளம்; மற்றொன்று நம் நான்காம் வேற்றுமை உருபைப் போன்ற இடைச்சொல். எது எது என்று அறிய எளிய வழி, அவ்விடத்தில் ஒரு சாதாரணப் பெயரை இட்டுப் பார்ப்பது. 'லுக் ஃபார்வர்டு டு சண்டே' என்று சொல்ல இயலும், ஆகவே அது உருபு, உருபு ஏற்பது பெயர், எனவே 'மீட்டிங்'. 'ஐ யூஸ்டு டு கெட் அப் ஏர்லி' என்பது முன்பு விடியலில் எழுந்து கொண்டிருந்தேன் என்பதாம். 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் ஏர்லி' என்பதோ விடியலில் எழுதலுக்குப் பழகிவிட்டேன் என்பதாம். 'எழுதலுக்கு' என்று தமிழில் உருபு வெளிப்படையாய் நிற்பதைக் காண்க.

மூன்றாவதாகிய இன்ஃபினிட்டிவுக்குப் பல இடங்களில் நேரானது நம் 'செய' என் எச்சம். 'ஹி கேம் டு சீ' என்பது காண வந்தான். 'ஹி வாண்ட்ஸ் டு கோ' என்பது போக விரும்புகிறான். 'எ புக் டு ரீட்' என்பது படிக்க ஒரு நூல். 'ஹி மேட் மி கோ' என்பது என்னைப் போகச் செய்தான். இந்தக் கடைசி வாக்கியத்தில் 'டு' இல்லை. 'மேக்', 'லெட்' முதலிய சில வினைகளின் பின் அது வாராது. தமிழ் மாணவன் 'மேட் மி டு கோ' என்று எழுதிவிடுவது 'செய' எச்சம் கண்ட இடமெல்லாம் 'டு' சேர்க்கும் பழக்கத்தால்தான்.

இவ்வேறுபாடுகள் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல; பொருளையே புரட்டிவிடுவன. 'ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்தினான். 'ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான். முன்னவன் திருந்தியவன், பின்னவன் திருந்தாதவன். இதையே ஒரு மருந்துக் குறிப்பில் வைத்துப் பாருங்கள். 'ஸ்டாப் டேக்கிங் த டேப்லட்' என்பதன் பொருளைப் பிறழ உணர்ந்தால் நேரும் இடர் மதிப்பெண்ணோடு நிற்குமா? 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்பது கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது என்பதாம். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்பது கதவைப் பூட்ட மறவாதே என்பதாம். தமிழில் 'பூட்டியது' இறந்த காலத்தைக் காட்டுகிறது. 'பூட்ட' இனிச் செய்ய வேண்டியதைக் காட்டுகிறது. இத்தகைய இடங்களில் ஜெரண்ட் பின்னோக்கியும் இன்ஃபினிட்டிவ் முன்னோக்கியும் பார்க்கின்றன என்பதை ஒரே நொடியில் உணர்த்த இதனினும் நல்ல வழி நாம் அறியோம்.

அப்படியாயின், ஆங்கிலத்தில் மட்டும் இக்குழப்பம் ஏன் நேர்ந்தது? விடை அம்மொழியின் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயரெச்சத் தன்மையுள்ள வடிவம் 'எண்டே' என்று முடிந்தது. தொழிற்பெயர் 'உங்' அல்லது 'இங்' என்று முடிந்தது. இரண்டும் தனித்தனி விகுதிகள். இடைக்கால ஆங்கிலத்தில் அவை ஒலியால் நெருங்கி, இறுதியில் 'இங்' என்னும் ஒன்றாகவே கலந்துவிட்டன. தமிழ் 'அ', 'உ', 'தல்' என்று வெவ்வேறு விகுதிகளால் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் ஒரே விகுதியால் சுமக்கிறது. எனவே ஈற்றைப் பார்த்துப் பெயர் சொல்ல முயல்வது வீண். வாக்கியத்தில் அது செய்யும் தொழிலைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

'மூவிங் மெஷின்ஸ் கேன் பி டேஞ்சரஸ்' என்னும் வாக்கியத்துக்கு இரு பொருள் உண்டு. இயங்கும் இயந்திரங்கள் ஆபத்தானவை எனலாம். இயந்திரங்களை இடம்பெயர்த்தல் ஆபத்தானது எனவும் கொள்ளலாம். 'கேன் பி' என்பதை நீக்கி 'ஆர்' என்று இட்டால் முதற்பொருள். 'இஸ்' என்று இட்டால் இரண்டாம் பொருள். 'டிரிங்கிங் வாட்டர்' என்பதில் நீர் எதையும் குடிக்கவில்லை, அது குடித்தற்கான நீர், ஆகவே ஜெரண்ட். 'ரன்னிங் வாட்டர்' என்பதில் நீர்தான் ஓடுகிறது, ஆகவே பார்ட்டிசிப்பிள். 'வாக்கிங் ஸ்டிக்' நடக்கும் கோலன்று, நடத்தற்கு உதவும் கோல். தமிழாக்கிப் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் அகன்றுவிடுகிறது.

நம் கருத்துக்கு மறுப்புகள் எழலாம். முதல் மறுப்பு, ஆங்கில அறிஞர்களே இப்பாகுபாட்டைக் கைவிட்டு வருகின்றனரே என்பது. உண்மைதான். 2002இல் ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் இரண்டையும் இணைத்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்' என்று ஒரே பெயரிட்டது. அதற்கு முன் 1985இல் வெளிவந்த குவர்க் முதலியோரின் பேரிலக்கணமும் முழுப் பெயரிலிருந்து முழு வினை வரை 'இங்' வடிவம் படிப்படியாக மாறிச் செல்வதைக் காட்டியிருந்தது. வடிவம் ஒன்றாதலின் பெயரும் ஒன்றாகட்டும் என்பது வடிவத்தை ஆராய்வார்க்குப் பொருந்தும். ஆனால் கற்பவனுக்கு வேண்டுவது வடிவத்தின் பெயரன்று, அது ஆற்றும் தொழிலின் தெளிவு. பெயர்கள் ஒழிந்தாலும் தொழில்கள் ஒழிவதில்லை.

இரண்டாம் மறுப்பு, தாய்மொழி வழியாகக் கற்பித்தால் தாய்மொழியின் வழக்கங்கள் ஆங்கிலத்தில் புகுந்து கெடுக்கும் என்பது. இதிலும் ஓரளவு உண்மை உண்டு. இரு மொழிகளும் எங்கும் ஒத்துப் போவதில்லை. 'வாஸ் ஈட்டன்' என்னும் செயப்பாட்டு வினையில் ஆங்கிலம் பார்ட்டிசிப்பிளை ஆள்கிறது. நாமோ 'உண்ணப்பட்டது' என்று 'செய' எச்சத்தை ஆள்கிறோம். 'எஞ்சாய்' என்னும் வினைக்குப்பின் ஜெரண்டே வரும். 'டிசைட்' என்பதன்பின் இன்ஃபினிட்டிவே வரும். இவற்றை வழக்கறிந்து மனத்திற் கொள்வதன்றி வேறு வழியில்லை. தமிழ் இங்கே துணை செய்யாது. எனினும், எங்கே ஒக்கும், எங்கே ஒவ்வாது என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொன்னால்தான் அந்தக் கேடு தவிர்க்கப்படும். சொல்லாது விட்டாலும் மாணவன் மனத்துள் தமிழில்தான் எண்ணப் போகிறான். வழிகாட்டியோடு எண்ணட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இவ்வழி நாம் புதிதாகக் கண்டதும் அன்று. தமிழ் கற்க வந்த மேனாட்டார் இதனையே தலைகீழாகச் செய்தனர். 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும், தமிழ்க் கையேடு எழுதிய போப்பும் நம் பெயரெச்சத்தை 'ரிலேடிவ் பார்ட்டிசிப்பிள்' என்றும், 'செய்து' என்னும் வினையெச்சத்தை 'வெர்பல் பார்ட்டிசிப்பிள்' என்றும், 'செய' என்பதை 'இன்ஃபினிட்டிவ்' என்றும் தம் மொழிப் பெயர்களால் குறித்தே விளங்கிக் கொண்டனர். தாம் அறிந்ததைக் கொண்டு அறியாததை அளந்தனர். அவர்கள் நம் மொழிக்குள் வர அமைத்த பாலத்தின் வழியே நாம் அவர்கள் மொழிக்குள் செல்லத் தயங்குவானேன்?

தமிழ்வழிப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவன் ஆங்கிலத்தின்முன் தன்னை ஏதுமறியாதவனாக எண்ணிக் கூசி நிற்கிறான். அக்கூச்சத்திற்கு அறியாமையைவிட, தான் அறிந்ததைத் தானே அறியாமைதான் காரணம். எச்சத்தையும் முற்றையும் பன்னிரண்டு வயதிலேயே பிரித்தறிந்தவன் அவன். ஆங்கில ஆசிரியர்கள் பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் 'படித்த', 'படித்து', 'படிக்க', 'படித்தல்' என்னும் நான்கு சொற்களை எழுதட்டும். இவை ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன வேண்டும் என்று வகுப்பைக் கேட்கட்டும். விடை சொல்லாத மாணவன் இருக்க மாட்டான். அதன்பின் 'ரீடிங்', 'டு ரீட்' என்னும் சொற்கள் வரும் ஆங்கில வாக்கியங்களை எழுதி, அதே வினாவை அங்கும் தொடுக்கட்டும்.